நான் எழுதிக் கொடுத்த வாக்கியம்

இலக்கிய வகுப்பை இந்த ஆண்டு முதன்முறையாக ஏற்றிருக்கும் உங்களில் மூவர், சென்ற மாதப் பயிலரங்கின் தேநீர் இடைவேளையில் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், உவமை, உருவகம், படிமம், குறியீடு இதெல்லாம் எப்படிச் சொல்லிக் குடுத்தா பிள்ளைங்களுக்கு ஏறும்?" அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, அப்படிச் சமாளித்தது சரியில்லை என்று தோன்றியது. கலைச்சொற்களைப் பிள்ளைகளுக்கு எப்படி ஏற்றுவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதைச் செய்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தடம் மாற்றியவள் நான். ஆகவே உங்களுக்குப் பதிலாக எழுதுவதில் வழிமுறை எதுவும் இருக்காது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜோகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் பணியேற்ற முதல் இரண்டு ஆண்டுகள் கலைச்சொல் என்ற பேச்சே இல்லாமல் இலக்கியம் நடத்தினேன். கால அட்டவணையில் அந்தப் பாடத்துக்கு இடமில்லை. சனிக்கிழமை காலையில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் நீண்ட மேசைகளில் வகுப்பு நடக்கும். கவிதையை வாய்விட்டுப் படிப்போம், சண்டை போடுவோம், யாருக்கு எந்த வரி பிடித்தது என்று கேட்பேன். பிள்ளைகள் விரும்பி வந்தார்கள். அரசுத் தேர்வில் பாதிப் பேர் தோற்றார்கள். ஒரு தாய் பள்ளிக்கு வந்து, "மத்த பாடத்துல எல்லாம் ஏ வாங்குன பொண்ணு டீச்சர். உங்க பாடத்த எடுக்காம இருந்திருந்தா சர்ட்டிபிகெட் சுத்தமா இருந்திருக்கும்," என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. அதனால்தான் அது என்னை அதிகமாகத் தைத்தது. அடுத்த ஆண்டு வகுப்பில் சேர ஐந்து பேர்தான் முன்வந்தார்கள். இன்னும் ஓர் ஆண்டு இப்படிப் போனால் பாடமே நின்றுவிடும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்த அட்டையைத் தயாரித்தேன்.

பச்சை நிறத் தாள், மூன்றாக மடித்தது. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் மூன்று வரிகள்: அது என்ன என்பதற்கு ஒரு வரி, கவிதையில் அது இருக்கும் இடத்தைச் சுட்ட ஒரு வரி, அதன் நயத்தைச் சொல்ல ஒரு வரி. எந்தக் கவிதை வந்தாலும் பொருந்தும்படி நயத்தின் வரிகளைப் பொதுவாக அமைத்தேன். உருவகத்துக்கு நான் எழுதியது இது: "இக்கவிதையில் இயற்கை உருவகமாகக் கையாளப்பட்டு, மானுட மனத்தின் ஈரத்தை நுட்பமாக உணர்த்தி, வாசகர் நெஞ்சைக் கொள்ளை கொள்கிறது." சோற்றுப்பானை கொதிக்கும் நேரத்தில், அடுப்படி மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அட்டை வேலை செய்தது. தேர்ச்சி கூடியது, வகுப்பு நிறைந்தது. சிகாமட்டில் பணியாற்றிய ஒரு தோழி நகல் கேட்டார். அவரிடமிருந்து வேறு ஊர்களுக்குப் போயிற்று. பிறகு கைப்பேசிகள் வந்தன. அது எங்கெங்கே போனது என்று எனக்கே தெரியாது. கீழே என் பெயரைப் போடவில்லை. அதை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோகேஸ்வரி அந்த அட்டை வந்து பல ஆண்டுகளுக்குப் பின் என் வகுப்புக்கு வந்தவள். அவளுடைய அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டுபவர். ஆற்றோரக் குடியிருப்பில் வீடு. குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவர் யாருமில்லை. அவளுக்கு ஒரே ஆசைதான், அதை முதல் நாளே சொல்லிவிட்டாள்: "நான் தமிழ் டீச்சர் ஆகணும் டீச்சர். வேற எதுவும் எனக்கு வேணாம்."

அந்த ஆண்டின் பாடக் கவிதைகளில் ஒன்று, மழையை வீட்டுக்கு வரும் விருந்தாளியாகப் பாவித்து வரவேற்பது. படித்து முடித்ததும் யோகேஸ்வரி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், இவரு வீட்டுல தண்ணி ஏறுனதே இல்ல போல."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"எங்க வீட்டுல மழை விடாம பேஞ்சா, அம்மா வாங்கன்னு கூப்பிட மாட்டாங்க. முதல்ல அரிசி டின்ன அலமாரி மேல ஏத்துவாங்க. அப்புறம் ஸ்கூல் பேக். அதுக்கப்புறம்தான் எங்கள."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப அரிசிதான் லா மூத்த பிள்ள," என்றான். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு அவள் தொடர்ந்தாள். "ஆனா டீச்சர், தண்ணி வடிஞ்ச அன்னிக்கு அம்மா வாசல்ல ஒக்காந்து ஆத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. கோவமா இருக்க மாட்டாங்க. அது ஏன்னு எனக்குத் தெரியல. இந்தக் கவிஞருக்கு அது தெரிஞ்சிருந்தா நல்லா எழுதியிருப்பாரு."

ஒரு கவிதைக்கு எதிரே தன் வாழ்க்கையை நிறுத்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். நாம் கற்பிக்க வேண்டியது அவ்வளவுதான். அவள் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் 'உருவகம்' என்ற சொல்லை மெதுவாக வைத்திருந்தால், விருந்தாளி என்ற உருவகம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று அவளே சொல்லியிருப்பாள். தேர்வுக்கு ஆறு வாரங்கள் இருந்தன. நான் சொன்னது: "இதெல்லாம் எழுதுனா மார்க் வருமா யோகேஸ்? அட்டையில மூணாவது வரியப் பாரு."

அவள் பார்த்தாள். அதன் பிறகு வகுப்பில் அப்படி எதுவும் சொல்லவில்லை. தேர்வில் மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றாள். அட்டையால்தான் பெற்றாள். அதை நான் மறுக்க முடியாது, அதனால்தான் இந்தக் கதை எளிதாக இல்லை.

அடுத்த ஆண்டு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். நாங்கள் மூவர்: குழுத் தலைவர், ஓர் இளம் விரிவுரையாளர், நான். ஜோகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி, குளிர்ச்சாதனம் அளவுக்கு மேல் வேலை செய்யும் அறை. பட்டியலில் யோகேஸ்வரியின் பெயரைக் கண்டதும் தலைவரிடம் சொன்னேன்.

"இதுல ஒரு பொண்ணு என் மாணவி."

"ஜோகூர்ல யாருக்கு யாரத் தெரியாது டீச்சர்," என்றார் அவர். "அந்தப் பொண்ணுக்கு மட்டும் நீங்க மார்க் போட வேணாம். கேள்வியும் கேக்க வேணாம். போதும்."

முறையாக நடந்துகொண்டேன் என்ற நிறைவோடு உட்கார்ந்தேன்.

வந்தவர்களிடம் ஒரு சிறு கவிதையைக் கொடுத்து, பத்து நிமிடம் படிக்கவிட்டு, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்காகவே தலைவர் எழுதிக் கொண்டுவந்தது அது. ஒரு பெண் கொடியில் துணி உலர்த்துகிறாள். வானம் இருட்டுகிறது. அவள் துணிகளை எடுக்காமல் நின்று மழை வருவதைப் பார்க்கிறாள். அத்தோடு முடிந்துவிடுகிறது. அதில் உருவகமே இல்லை. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று அறியவே தலைவர் அப்படி எழுதியிருந்தார்.

முதலில் வந்த இளைஞன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான்: "இக்கவிதையில் இயற்கை உருவகமாகக் கையாளப்பட்டு, மானுட மனத்தின் ஈரத்தை நுட்பமாக உணர்த்தி..."

எனக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவதாக வந்தவளும் அதையே சொன்னாள். மூன்றாவது ஆள் வேறு பேசினான். நான்காவதும் ஐந்தாவதும் ஆறாவதும் அதே வாக்கியம், அதே இடத்தில் மூச்சுவிட்டு. "எந்த வரியில உருவகம் இருக்கு?" என்று தலைவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொருவரும் தாளைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், மீண்டும் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார்கள்.

ஆறாவது ஆள் வெளியே போனதும் விரிவுரையாளர் பேனாவை மேசையில் போட்டார். "அலமாக், இன்னொரு ஈரம். இந்த ரூம்ல கொட வேணும் போலிருக்கு."

தலைவர் சிரிக்கவில்லை. "யாரு இத எழுதிக் குடுத்தாங்கன்னு தெரியல. பாவம் இதுங்க. கவிதையக் கண்ணால பாக்கவே விடாம பண்ணி வச்சிருக்காங்க."

நான் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தேன். நான்தான் என்று சொல்வதற்கு அப்போது ஒரு நிமிடம் இருந்தது. சிறு வெட்கம், ஒரு மன்னிப்பு, அதோடு முடிந்திருக்கும். அடுத்து வரப்போவது யார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன்.

ஏழாவதாக யோகேஸ்வரி வந்தாள். வெள்ளைப் பாஜு கூரோங் உடை, எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய கூந்தல். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. கவிதையைப் படித்தாள். படிக்கும்போது ஓரிடத்தில் அவள் உதடு அசைந்து நின்றதைக் கவனித்தேன். துணியை எடுக்காமல் நிற்கும் அந்தப் பெண்ணிடம் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்ல ஏதோ இருந்தது. பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள். முழு வாக்கியத்தையும் பிசகாமல் சொன்னாள்.

விரிவுரையாளர் குனிந்துகொண்டார். தலைவர் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் கலங்கவில்லை. உருவகத்தை விட்டுப் படிமத்துக்கு வந்து, அதற்குரிய மூன்று வரிகளையும் சொன்னாள். பிறகு குறியீடு. கேட்டதைவிட அதிகம் சொல்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

அவளை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தலைவர் என்னை நோக்கித் திரும்பினார். நல்ல மனிதர் அவர். ஒரு வாய்ப்புக் கொடுக்கவே விரும்பினார்.

"டீச்சர், உங்க பொண்ணுதானே இது. சொந்தமா பேசத் தெரியுமா? தெரியும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, திருப்பிக் கூப்பிட்டு வேற கேள்வி கேக்கறேன்."

இளம் நண்பர்களே, நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: "அந்த வாக்கியம் என்னுடையது. அவளிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள்." அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. என் மனம் மிக வேகமாக வேலை செய்தது. பேசினால், என் மாணவிக்குப் பரிந்து பேசியவள் ஆவேன். அதே வாக்கியத்தைச் சொன்ன மற்ற ஐவருக்கு அது அநீதி. பட்டியலைக் கண்டதுமே ஒதுங்கிக்கொண்டவள், இப்போது தலையிடலாமா? எல்லாமே நேர்மையான காரணங்கள். அவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, அந்த அட்டையை எழுதியவள் நான் என்று அந்த அறையில் தெரியக்கூடாது என்ற பயம் மட்டுமே. ஐவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

"விதிமுறைப்படி நான் எதுவும் சொல்லக்கூடாது சார்," என்றேன்.

"சரிதான்," என்றார் அவர். எழுதினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

மதியம் வாகன நிறுத்துமிடத்தில் அவளும் அவள் அப்பாவும் எனக்காகக் காத்திருந்தார்கள். அவர் அன்று லாரிக்கு விடுப்பு எடுத்து, யாரிடமோ காரை இரவல் வாங்கி வந்திருந்தார். ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம்.

"டீச்சர், ஒரு வார்த்தைகூட விடல," என்றாள் யோகேஸ்வரி. "நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்மா."

"படிமத்துக்கு மூணு வரி, குறியீட்டுக்கு மூணு வரி. அவரு கேக்காமலே சொன்னேன்."

அப்பா பையை நீட்டினார். "வீட்டு மரத்துது டீச்சர். நீங்க உள்ள இருந்தது எங்களுக்குப் பெரிய தைரியம்."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பல முறை யோசித்திருக்கிறேன். நிறையச் செய்திருக்கலாம். குழு இன்னும் மேலேதான் இருந்தது. மின்தூக்கியில் ஏறி மூன்றாம் மாடிக்குப் போயிருக்கலாம்.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. முடிவு வந்த வாரத்தில் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் வரைவில் உண்மையைச் சொன்னேன். இரண்டாவதில் அதைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். மூன்றாவதில், கற்பிக்கும் முறையைப் பற்றிய பொதுவான கருத்தாக அது மாறியிருந்தது. எதையும் அனுப்பவில்லை. மேல்முறையீட்டுக்கான நாள் கடந்தது. ஓய்வு பெறும் வரை இலக்கிய வகுப்பை நடத்தினேன். அட்டையை மட்டும் கொடுக்கவில்லை. என் பிள்ளைகள் அதை வேறு யாரிடமாவது வாங்கிக்கொண்டு வந்தார்கள். தெரிந்த ஆசிரியர்களிடம், அதைக் கைவிடுங்கள் என்று கேட்டேன். ஒருவர் உண்மையான கவலையோடு, "அது இல்லாம எப்படி டீச்சர் பாஸ் பண்ண வைக்கறது? நீங்க சொல்லுங்க, செய்றோம்," என்றார். என் முதல் இரண்டு ஆண்டுகளின் தோல்விகள் எனக்கு நினைவிருந்தன. சர்ட்டிபிகெட்டைப் பற்றிப் பேசிய அந்தத் தாயும்தான்.

இதில் பாடம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கலைச்சொல், கண்ட ஒன்றுக்கு நாம் வைக்கும் பெயர். காணாத பிள்ளைக்குப் பெயரை மட்டும் கொடுத்தால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கவிதையைப் பார்ப்பதே இல்லை. பெயரை முதலில் கொடுக்காதீர்கள். இதை எழுதும்போதே, இதைக் கடைப்பிடித்தால் உங்கள் வகுப்பில் சிலர் தோற்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் காப்பாற்றும் வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர் யாரையும் இதுவரை சந்திக்கவும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிறு மாலை, விலாசம் விசாரித்துக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவில் யோகேஸ்வரி வசிக்கும் அடுக்குமாடிக்குப் போனேன். சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். திங்கள் முதல் சனி வரை விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய்வருகிறாள். திருமணமாகியிருந்தது. என்னைக் கண்டதும் பதறி, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை எழுதியது நான் என்பதை அவள் முன்பே அறிவாள். அன்று எத்தனை பேர் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தலைவர் என்னிடம் கேட்டது தெரியாது. நான் சொன்ன பதில் தெரியாது. ஒன்றையும் விடாமல் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள், என்னை வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவற்றில் எதற்கும் நான் தயாராகவே போயிருந்தேன்.

அவள் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, என்னைத் தேற்றுகிறவளைப் போலப் பேசினாள்.

"இல்ல டீச்சர். நீங்க உங்க மேல போட்டுக்காதீங்க. அது காரணம் இல்ல. எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. படிமத்துல ரெண்டாவது வரிய நான் மாத்திச் சொல்லிட்டேன். 'கண்முன் நிறுத்துகிறது'ன்னு வரணும். நான் 'கண்முன் காட்டுகிறது'ன்னு சொன்னேன். அங்கதான் போச்சு."

"அப்படி இல்ல யோகேஸ். நீ எப்படிச் சொல்லியிருந்தாலும்..."

"எனக்குத் தெரியும் டீச்சர். பஸ்ல வேலைக்குப் போன காலத்துல தினமும் சொல்லிப் பாப்பேன். அந்த ஒரு எடந்தான்."

பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்பக் கேளுங்க," என்று முழுவதையும் சொன்னாள்: உருவகம், படிமம், குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிகள். சமையலறை வாசலில் அவள் கணவர் வந்து நின்று, பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் பிசகவில்லை.

முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரியா இருக்கும்மா," என்றேன்.